எதிர்ப்பு: ஒன்று

பதினோராண்டுகள் இளைஞர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தேன். அதிலே ஒரு நாள் ஒரு பெண் உண்மையாகவே பேசினாள். அன்று நான் கேளாதவன்போல் இருந்துவிட்டேன். அந்த ஒரு நாளை எழுதி வைக்கிறேன்.

ஒகிஸே நகரில், மீன்வளப் பள்ளியாக இருந்து மூடப்பட்ட கட்டடத்தில் எங்கள் தலைமைப் பயிற்சிப் பள்ளி நடக்கிறது. கட்டடம் நகராட்சியுடையது; வாடகை கிடையாது. ஒரு வகுப்புக்கு ஒன்பது பேர். நாளை நகர மன்றங்களிலும் மாகாண மன்றங்களிலும் அமரப்போகிறவர்கள் என்று பொறுக்கியெடுத்த ஒன்பது பேர். காலை ஆறு மணிக்குக் கடற்கரையைக் கூட்டுவார்கள். ஏழு மணிக்கு ரயில் நிலைய வாசலில் நின்று, எவரும் நின்று கேட்காத சொற்பொழிவை ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆற்றுவார்கள். ஓடுகிறவர்களின் முதுகுக்கு வணக்கம் சொல்வார்கள். அதன் பிறகு வகுப்பு. முற்பகலில் தத்துவம், பிற்பகலில் பொருளியல், மாலையில் அரசியல்.

தத்துவமும் அரசியலும் என் பொறுப்பு. என் பெயர் ஹனவா. இளமையில் துண்டறிக்கை எழுதித் தெருவில் விநியோகித்தவன், தொழிற்சங்க மேடைகளில் தொண்டை கிழியப் பேசியவன், அதற்காக ஒரு வேலையை இழந்தவன். அந்த இழப்பை மார்பில் பதக்கமாக மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைவேன். முதல் நாள் முதல் பாடமாக ஆண்டுதோறும் ஒன்றையே சொல்வேன்: "எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் எழுவதற்குத்தான் மன்றம் என்று பெயர். எல்லோரும் உட்கார்ந்தே இருப்பதென்றால் அதற்கு நாற்காலி போதும், மன்றம் வேண்டாம்." பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். நிரேகி சாவோ அதை எழுதிக்கொள்ளவில்லை. நம்பிவிட்டாள்.

நிரேகிக்கு இருபத்து நான்கு வயது. மத்சுயாமாவில் டாக்சி ஓட்டுகிறவரின் மகள். படிப்பை முடித்ததும் சொந்த ஊர் நகர மன்றத்துக்குப் போட்டியிட வேண்டும் என்பது அவள் எண்ணம். செல்வாக்குள்ள அப்பன் பெயரும் இல்லாத, பணமும் இல்லாத ஒரு பெண்ணுக்குக் கதவு திறக்கக்கூடியது எங்கள் பள்ளியின் பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான். அந்தக் கடிதம் கையில் இல்லையென்றால், மூன்றாண்டுகள் கடற்கரையைக் கூட்டியதுதான் மிச்சம்.

மூன்றாம் ஆண்டில் நகராட்சி எங்கள் மாணவர்களிடம் ஓர் உண்மையான சிக்கலைக் கொடுக்கும். அவர்கள் ஆராய்ந்து, மன்றம்போல் கூடி, முடிவெடுப்பார்கள். ஏகமனதான முடிவென்றால் நகர மன்றம் அதை அப்படியே ஏற்கும். எழுதாத வழக்கம், இருபது ஆண்டுகளாகத் தவறாத வழக்கம். இளைஞர்களுக்கு நாங்கள் தரும் மதிப்பு இது என்று மேயர் மேடைதோறும் சொல்வார். மேயர் சொல்லக் கூசுவதை இளைஞர்கள் வாயால் சொல்ல வைக்கும் வழி அது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பதினோராண்டுகள் அந்த மன்றத்துக்கு நான்தான் தலைமை வகித்தேன்.

இந்த ஆண்டுச் சிக்கல் ஹிராகோ தீவுப் படகு. தீவில் அறுபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். நாளுக்கு மூன்று முறை போய்வரும் படகை ஒரு முறையாகக் குறைக்கலாமா என்பது கேள்வி. நகராட்சி கொடுத்த கணக்கில் காலைப் படகில் சராசரியாக இரண்டு பேர் ஏறியிருந்தார்கள். இரண்டு பேருக்கு ஒரு படகா என்று கேட்டால் பொருளியல் தலையாட்டும், அரசியல் கைதட்டும், தத்துவம்கூடப் பெரும்பான்மையின் நலன் என்று ஏதாவது சொல்லி ஒதுங்கிக்கொள்ளும்.

நிரேகி தலையாட்டவில்லை. ஆறு வாரம், ஓய்வு நாள்தோறும் தீவுக்குப் போனாள். ஆரஞ்சுப் பெட்டிகளைச் சுமந்தாள், அவர்கள் வீட்டில் சாப்பிட்டாள், கேட்டாள், எழுதினாள். ஒரு நாள் வகுப்பில் எழுந்து, நகராட்சி கணக்கெடுத்த வாரம் எது என்று கேட்டாள். ஜனவரி முதல் வாரம். புத்தாண்டு விடுமுறை. பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த வாரம். காலைப் படகில் கரைக்கு வந்து படிக்கும் ஐந்து குழந்தைகள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. படகைக் குறைத்தால் அந்த ஐந்து குடும்பங்கள் கரைக்குக் குடிபெயரும். அவர்கள்தான் தீவின் இளையவர்கள். அவர்கள் போனபின் மிஞ்சுகிறவர்களுக்கு ஒரு படகும் வேண்டியதில்லை என்று அடுத்த கணக்கு சொல்லும். இவ்வளவையும் மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வகுப்பின் தலைவன் குஸே, மாகாண மன்ற உறுப்பினர் ஒருவரின் மகன். கெட்டிக்காரன், இனியவன், எவரையும் புண்படுத்தாமல் எதையும் சாதித்துக்கொள்ளத் தெரிந்தவன். அன்று சாப்பாட்டு மேசையில் அவன்தான் ஆரம்பித்தான்.

"நிரேகி, தீவுக்கு மருமகளாப் போற யோசனையா? சொன்னா முன்கூட்டியே மொய்யைச் சேத்து வைப்போம்."

"போவேன். கல்யாணத்துக்கு வர உங்களுக்குப் படகு இருக்கணுமே" என்றாள் அவள்.

மேசை சிரித்தது, குஸேயும் சிரித்தான். மறுநாளிலிருந்து அவன் வேலையைத் தொடங்கினான். மரத்தைப் பெயர்த்து நடுவதற்கு முன் வேரைச் சுற்றி மண்ணைத் தளர்த்துவார்கள் அல்லவா? கூட்டத்துக்கு முன்னே ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசிச் சம்மதம் வாங்கிவிடுவதற்கும் எங்கள் நாட்டில் வேர் தளர்த்தல் என்றே பெயர். குளியலறைத் தொட்டியில் ஒருவன், துணி உலர்த்தும் மாடியில் ஒருத்தி, ரயில் நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் இருவர் என்று குஸே தளர்த்தினான். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஏகமனதாக முடிந்தால் எல்லோருடைய பரிந்துரைக் கடிதமும் கனக்கும் என்று மட்டும் சொன்னானாம். கூட்டம் என்பது ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றுக்கு மேளம் தட்டும் சடங்கு. இதை நான் வகுப்பில் கண்டித்திருக்கிறேன், கண்டித்துக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

நிரேகி எவரையும் தனியே பார்க்கவில்லை. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாக என்னிடம் மட்டும் வந்தாள். ஆசிரியரை எங்கள் பக்கம் சென்ஸெய் என்றே அழைப்பார்கள்.

"சென்ஸெய், அன்னைக்கு நான் எழுந்திரிச்சு எதிர்ப்பு சொல்லலாமா? மேயரோட ஆள் வர்றாங்க, பத்திரிகைக்காரங்க வர்றாங்க. உங்களுக்குத் தொந்தரவு ஆகிடாதே?"

"எழுந்திரு. மன்றம் இருக்கிறதே அதுக்குத்தானே" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

மறுநாள் பள்ளித் தலைவர் குராமொச்சி என்னை விலாங்கு மீன் சோறு சாப்பிட அழைத்துப் போனார். எழுபத்து நான்கு வயது, பழைய தொழிலதிபர், பள்ளியைத் தோற்றுவித்தவர். படகைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. கட்டடத்தின் கூரை ஒழுகுவதைச் சொன்னார். குத்தகையை இந்த மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும், மேயர் நல்ல மனிதர் என்றார். என்னுடைய ஒப்பந்தமும் மார்ச்சில்தான் வருகிறது என்பதை நினைவு வைத்திருந்து, மறப்பதே இல்லை என்று சிரித்தார். கடைசியில், பல் குத்திக்கொண்டே சொன்னார்:

"நிரேகி நல்ல பொண்ணு, ஹனவா. என்ன, கொஞ்சம் நேரா வளந்துட்டா."

நான் தலையைத் தாழ்த்தினேன். அவர் எதையும் கேட்கவில்லை, நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் அந்த மேசையை விட்டு எழுந்தபோது என் வேர் தளர்ந்திருந்தது. அதை நான் உணர்ந்தேன் என்பதுதான் என்மேல் நான் சாட்டும் முதல் குற்றம்.

திங்கட்கிழமை மன்றம் கூடியது. துணை மேயர், அதிகாரிகள் இருவர், செய்தியாளர் இருவர், சுவரோரம் குராமொச்சி. முறைப்படி முதலில் கூட்டக் குறிப்பில் கையெழுத்துக்குப் பதிலாகத் தம் பெயர் முத்திரை வைக்க இரு மாணவர்களை நியமித்தேன். இருக்கை வரிசைப்படி அந்த முறை குஸேயும் நிரேகியும். பிறகு குஸே தீர்மானத்தை வாசித்தான். அழகாக வாசித்தான். தீவு மக்களின் துயரத்தில் பங்குகொள்வதாகக்கூட ஒரு வரி இருந்தது. வாசித்து முடித்ததும் நான் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன்.

"எதிர்ப்பு இல்லை எனக் கொள்ளலாமா?"

"இல்லை!" எட்டுக் குரல்கள், என் வாக்கியம் முடியும் முன்பே.

"இருக்கு."

ஒன்பதாவது குரல். உரத்த குரல் அல்ல, தெளிவான குரல். நிரேகி எழுந்து நின்றாள். எனக்கும் அவளுக்கும் இடையே ஐந்தடி இருக்கும். அவள் கண் என் கண்ணைப் பார்த்தது. நாற்பதாண்டுகள் நான் எந்தக் கணத்துக்காகத் துண்டறிக்கை எழுதினேனோ, எந்தக் கணத்துக்காகத் தொண்டை கிழித்தேனோ, அந்தக் கணம் ஐந்தடி தொலைவில் எழுந்து நின்று என்னைப் பார்த்தது.

நான் துணை மேயரைப் பார்த்தேன். அவர் தம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதிர்ப்பு இல்லை எனக் கொள்கிறேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது."

மரச்சுத்தியலைத் தட்டினேன். கைதட்டல் எழுந்தது. நிரேகி நின்றுகொண்டே இருந்தாள். கைதட்டல் முடியும்வரை நின்றாள். பின்பு அவையை முறைப்படி வணங்கிவிட்டு உட்கார்ந்தாள். எவரும் அவளை ஏசவில்லை, எவரும் அவள் பக்கம் திரும்பவும் இல்லை. ஓர் அவையே கூடி ஒருத்தியை நின்ற இடத்தில் இல்லாமல் ஆக்கியது. அதற்குச் சுத்தியல் பிடித்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை காலைச் செய்தித்தாளில் வந்தது: ஒன்பது இளைஞர்களும் ஒரே குரல். அன்று காலை ஆறு மணிக்குக் கடற்கரையில், துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நிரேகி என்னிடம் வந்தாள். இடுப்பு மடிய வணங்கினாள்.

"நேத்து உங்களைச் சங்கடத்துல மாட்டிவிட்டுட்டேன், சென்ஸெய். மன்னிச்சிடுங்க."

என்ன சொல்லியிருக்க வேண்டும்? வாசிக்கிற எவருக்கும் தெரியும். மணலில் விழுந்து நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு அது. நான் சொன்னது இது: "பரவாயில்ல. இனிமே முன்னாடியே நாலு பேரைப் பாத்துப் பேசிக்கணும். உலகம் அப்படித்தான்." அவள் கேட்ட மன்னிப்பைப் பெரிய மனதோடு வழங்கினேன். கூடவே அறிவுரையும். அவள் "சரி" என்றாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை கூட்டக் குறிப்பு தட்டச்சாகி வந்தது. "எதிர்ப்பு: இல்லை. ஏகமனது." குஸே முத்திரை வைத்தான். நிரேகி வைக்கவில்லை. காரணம் கேட்ட எழுத்தரிடம், கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாளாம். மாணவர் இருவருடையது, தலைமை வகித்த என்னுடையது என மூன்று முத்திரை இல்லாமல் குறிப்பு நகர மன்றத்துக்குப் போகாது. நகர மன்றக் கூட்டம் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை வகுப்பில்லை, நிரேகி காலையிலேயே தீவுக்குப் போய்விட்டாள். குராமொச்சி என்னை அழைத்தார். இம்முறை சோறு இல்லை.

முத்திரை மாலைக்குள் வர வேண்டும் என்றார். வராவிட்டால், கூட்டத்தில் கலந்துகொண்டு குறிப்பை மறுக்கிறவளுக்குப் பள்ளி எப்படிப் பரிந்துரை எழுதும் என்று என்னையே கேட்டார். தண்டிக்க அவருக்கு விருப்பமில்லை, வருத்தம்தான் என்றார். உண்மையாகவே வருந்தினார் என்று நினைக்கிறேன். "உங்க சொல்லை அவ தட்ட மாட்டா" என்று சொல்லிக் குறிப்பை உறையிலிட்டுக் கொடுத்தார். அவர் சொன்னது சரி. என் சொல்லைத் தட்டாதவள் என்பதால்தானே அவள் அன்று எழுந்து நின்றாள்?

பத்து மணிப் படகில் போனேன். தீவின் படகுத்துறையில் ஓர் ஆள் நின்று கையசைத்தார். மொரிவாகி, தீவுக் குழுவின் தலைவர். ஐம்பத்தைந்து வயது, ஆரஞ்சுத் தோட்டக்காரர். படகு கட்டப்படும் முன்பே கத்தினார்.

"வாங்க சென்ஸெய்! பாத்து இறங்குங்க! பலகை வழுக்கும்!"

கடற்காற்றுக்குப் பழகிய குரல் என்று எண்ணினேன். இறங்கியதும் அவர் என் வலப்பக்கத்திலிருந்து சுற்றி இடப்பக்கத்துக்கு வந்து, முகத்தருகே குனிந்து மேலும் உரக்கக் கேட்டார்: "இந்தப் பக்கம்தானே நல்லாருக்கு?" எதைக் கேட்கிறார் என்று விளங்காமல் சிரித்து வைத்தேன்.

பழப்பெட்டி அடுக்கும் கொட்டகையில் நிரேகி அளவு பார்த்துப் பழம் பிரித்துக்கொண்டிருந்தாள். பருவத்தின் கடைசிப் பழங்கள். என்னைக் கண்டதும் எழுந்து வணங்கினாள். மொரிவாகி எனக்கு இருக்கை போட்டார், தேநீர் ஊற்றினார், ஒரு பழத்தை உரித்துத் தோலின் மேலேயே வைத்து நீட்டினார். பிறகு அந்தக் கொட்டகை அதிரும்படி பேசத் தொடங்கினார்.

"எங்க மாமனாருக்கும் இப்படித்தான் சென்ஸெய்! வலது காது சுத்தமாப் போச்சு! மிஷின் வாங்கிக் குடுத்தோம், டிராயர்ல பத்திரமா வெச்சுட்டு டிவியை அலறவிடறாரு! வெக்கப்பட ஒண்ணுமில்ல, வயசு!"

நான் நிரேகியைப் பார்த்தேன். அவள் பழங்களைப் பார்த்தாள்.

"மறைக்க மாட்டேன். பேப்பரைப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது! ஆறு வாரம் எங்க சோத்தைத் தின்னுட்டு, நான் எதுத்துப் பேசறேன்னு சொல்லிட்டு, அங்க போய்க் கூட்டத்தோட கோவிந்தா போட்டுட்டாளேன்னு! வந்து நின்னப்போ நான் தேத்தண்ணிகூடக் குடுக்கல! அப்புறம்தான் பொண்ணு விஷயத்தைச் சொல்லுச்சு! பெரிய ஹாலு, இவ எங்கயோ கடைசில, உங்களுக்கு அந்தப் பக்கம் காது கேக்காது, எழுந்து சொன்னது உங்க காதுல விழலைன்னு! அட, அப்படின்னா யார்மேல கோவிச்சுக்க?"

பெரிய கூடமும் இல்லை, கடைசி வரிசையும் இல்லை. ஐந்தடி.

தன்னைப் பொய்யாக்கிய செய்தித்தாள் தீவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தன் சொல் காப்பாற்றப்பட அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும்: கேட்டது, ஆனால் கேளாதவர்போல் இருந்துவிட்டார் என்று. அதைச் சொல்ல அவள் நா எழவில்லை. தன் ஆசிரியனைக் கோழை என்று சொல்வதைவிடச் செவிடன் என்று சொல்வது அவளுக்கு எளிதாக இருந்தது.

இங்கே நான் செய்ததையும் எழுதிவிட வேண்டும், விடக்கூடாது. மொரிவாகி அடுத்து ஏதோ கேட்டபோது நான் இடது காதை அவர் பக்கம் சற்று நீட்டினேன். ஆம், நீட்டினேன். கையைக்கூடக் காதருகே கொண்டுபோனேன். எனக்காக விரித்து வைத்த பொய்யில் காலை நீட்டிப் படுத்தேன். கால் மணி நேரம் அப்படியே இருந்தேன். பழத்தையும் தின்றேன்.

பிறகு உறையை எடுத்தேன். பள்ளித் தலைவர் அனுப்பியதாகச் சொன்னேன். பரிந்துரைக் கடிதத்தைப் பற்றிச் சுற்றி வளைத்து, நிலைமை, சூழ்நிலை, எதிர்காலம் என்று எனக்குப் பழக்கமில்லாத சொற்களில் பேசினேன். முத்திரை வை என்று சொல்லவில்லை. எங்கள் வழக்கத்தில் அதைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாததைப் புரிந்துகொள்ள வேண்டியது எதிரே இருப்பவரின் கடமை.

நிரேகி கைகளைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து முத்திரைக் குச்சியை எடுத்து, சிவப்பு மையைத் திறந்து, குறிப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வைக்கிறேன், சென்ஸெய். நீங்க சொன்னா வைக்கிறேன். ஆனா வாயால சொல்லுங்க. தலைவர் அனுப்பினார்னு வேண்டாம், நிலைமை அப்படின்னு வேண்டாம். 'நிரேகி, அன்னைக்கு நீ எழுந்திரிக்கல, முத்திரை வை'ன்னு நீங்க சொல்லுங்க. வெச்சிடறேன். அப்புறம் இதைப் பத்தி யார்கிட்டயும் பேச மாட்டேன்."

தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். நான் பேசாதிருப்பதைக் கண்ட மொரிவாகி, எனக்குக் கேட்கவில்லை என்று எண்ணிவிட்டார். நல்ல மனிதர். உதவி செய்ய விரும்பினார். என் இடது காதருகே குனிந்து, இரு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு முழங்கினார்:

"சென்ஸெய்! 'அன்னைக்கு நீ எழுந்திரிக்கல, முத்திரை வை'ன்னு நீங்க வாயால சொல்லணுமாம்!"

வெளியே பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆயிரம் மேடைகளில் ஆயிரம் பேரை நோக்கி முழங்கியவன் நான். அந்த முழக்கத்துக்கு நேரே, ஆரஞ்சு வாசனை வீசும் கொட்டகையில், ஆறு சொற்கொண்ட ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சொல்லாமலே செய்துவிடக்கூடியதாக இருந்தவரை அது எளிதாக இருந்தது. வாய்க்கு வந்ததும் அது பொய் என்பது வாய்க்கே தெரிந்தது.

"மொரிவாகி" என்றேன். "எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

அவர் குவித்த கைகளை இறக்கினார்.

"ரெண்டு காதும். அன்னைக்கும் கேட்டுச்சு. இவ என் எதிர்லதான் நின்னா. 'இருக்கு'ன்னு சொன்னா. நான் பாத்தேன், கேட்டேன். கேக்காத மாதிரி சுத்தியலைத் தட்டிட்டேன்."

மொரிவாகி என் காதைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்படியா" என்றார். "அப்போ நான் மெதுவாவே பேசலாம்."

அதன் பிறகு அவர் பேசவே இல்லை. எழுந்து, பழத்தோலை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, பெட்டி ஏற்றுகிறவர்களிடம் போய்விட்டார். கத்தியபோதெல்லாம் அவர் என்னை ஒரு மனிதனாக நடத்தினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நிரேகி குறிப்பை என் பக்கம் நகர்த்தினாள். பேனாவை எடுத்தேன். "எதிர்ப்பு: இல்லை. ஏகமனது" என்ற வரியை அடித்துவிட்டு, மேலே எழுதினேன்: "எதிர்ப்பு: ஒன்று. நிரேகி சாவோ எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார். தலைவர் ஹனவா அதைக் கேட்டும் கேளாதவர்போல் தீர்மானத்தை ஏகமனது என அறிவித்தார்." திருத்தத்தின் மேல் என் முத்திரையை வைத்தேன். அவள் வாசித்தாள். இரண்டு முறை வாசித்தாள். பிறகு தன் முத்திரையை வைத்து, ஈரம் உலர ஊதினாள்.

"கேக்கலைன்னு நான் இவங்ககிட்ட சொன்னது பொய்னு எனக்குத் தெரியும், சென்ஸெய்" என்றாள். "அப்படி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு நெனச்சேன்."

மாலைப் படகில் இருவரும் திரும்பினோம். அவள் முன்பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் பின்பக்கத்தில். என்னை மன்னித்தாளா என்று கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கிருப்பதாக இப்போதும் தோன்றவில்லை. இதைப் படித்துவிட்டு, கடைசியிலாவது உண்மையைச் சொன்னானே என்று யாரேனும் என்னைத் தட்டிக்கொடுக்க நினைத்தால், கையை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்காவிட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேன். மொரிவாகி கத்தாவிட்டால் அவள் கேட்டும் சொல்லியிருக்க மாட்டேன்.

குராமொச்சி குறிப்பை வாசித்தார், கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிர்ப்பு இருந்ததென்று அவைத் தலைவரின் முத்திரையோடு எழுதிவிட்டால் அதை அடிக்க எவருக்கும் அதிகாரமில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்றும் ஆகிவிட்டது. கடிதத்தை மறுக்க இனிக் காரணமில்லை என்று அவரே சொன்னார். என் ஒப்பந்தத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏகமனதாக இல்லாத தீர்மானத்தை நகர மன்றம் ஏற்காது. வெள்ளிக்கிழமை படகு விவகாரம் ஜூன் கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஜூனில் படகை வெட்டுவார்களோ விடுவார்களோ, தெரியாது. வெட்டினால், வெட்டியவர்கள் தங்கள் பெயரில் வெட்ட வேண்டியிருக்கும்.

ஒன்று மிச்சமிருந்தது. திருத்தப்பட்ட குறிப்பை, கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள் முன்னிலையில் அவைத் தலைவரே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பேரும் அமர்ந்திருந்தார்கள். நான் நின்று வாசித்தேன். நாள், இடம், வருகை, தீர்மானத்தின் வாசகம், எல்லாம் என் வழக்கமான மேடைக் குரலில் ஒலித்தன. அந்த வரி வந்தது, என் குரல் இறங்கியது. வாசித்தேன். தாளை மடித்தேன்.

பின் வரிசையில் குஸே கையை உயர்த்தினான். அவன் முகத்தில் கேலி இல்லை. மரியாதையோடுதான் கேட்டான்.

"மன்னிக்கணும் சென்ஸெய். கடைசி வரி இங்க கேக்கல. இன்னொரு தடவை வாசிக்கிறீங்களா?"

தாளைப் பிரித்தேன். நிரேகி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசைக்கும் எட்டும்படி, என் பெயரைச் சேர்த்து, மறுபடி வாசித்தேன்.